வன்னிக் கண்ணாடிகளுக்கு எந்தத் தடி? தண்ணீர் ஏறும் தடிகள் பற்றிய மதிப்பீடு

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரம் எழும்பியிருக்கிற வங்கிக் கிளைகள், நகைக்கடைகள், மண்டபங்கள் பலவற்றுக்கும் முகப்புக் கண்ணாடிதான். பக்கத்து ஒழுங்கை இன்னும் கிரவலாகவே கிடக்கும். பஸ் ஒன்று போனால் அந்தச் செம்புழுதி நேரே கண்ணாடிக்கு வரும். ஏணி சாத்தி ஏறாமல் நிலத்தில் நின்றபடி இதைக் கழுவத்தான் தண்ணீர் ஏறும் தடி. தடிக்குள்ளால் ஹோஸ் ஓடும், நுனியில் பிரஷ் இருக்கும், பிரஷின் துளைகளால் உப்பு நீக்கிய தண்ணீர் வரும். தேய்த்து அலசிவிட்டால் துடைக்கத் தேவையில்லை, தானாகக் காயும்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏழு மீற்றர் அளவில், காபனும் கண்ணாடிப் பைபரும் கலந்த கலப்புப் பைபர் தடி ஒன்று, பத்து அங்குலப் பிரஷ் ஒன்று. மிச்சக் காசு முழுக்கத் தண்ணீருக்கு. தடியில் கொட்டி, தண்ணீரில் மிச்சம் பிடித்தவர்களின் வேலையைக் கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளாகக் காணலாம்.

நீளத்தில் தொடங்குவோம். பட்டியலில் போட்டிருக்கும் எண் தடியின் நீளமா, எட்டும் உயரமா என்று கேட்டு வாங்குங்கள். சில விற்பனையாளர்கள் ஆளின் உயரத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். தடி நட்டுக்குத்தாக நிற்பதில்லை, ஏறத்தாழ 70 பாகை சரிவில்தான் வேலை செய்யும். ஆறு மீற்றர் தடி அந்தச் சரிவில் 5.6 மீற்றர் ஏறும். அடியை இடுப்புயரத்தில் பிடித்தால் இன்னும் ஒரு மீற்றர் கூடும். மேல்மாடி யன்னலின் மேற்சட்டம் பொதுவாக ஆறிலிருந்து ஆறரை மீற்றரில் இருக்கும் என்பதால் ஆறு மீற்றர் தடி மட்டுமட்டாகப் போதும், ஏழு என்றால் நிம்மதி. மூன்று மாடிக்கு ஒன்பது மீற்றர் வேண்டும். "பிறகு உதவும்" என்று பன்னிரண்டு மீற்றர் வாங்குவது வீண். நாள் முழுக்க அந்தப் பாரத்தைத் தூக்குவது உங்கள் தோள்தான், மேலதிகத் துண்டுகள் பெட்டியைவிட்டு வெளியே வரப்போவதில்லை.

அடுத்தது தடி எதனால் செய்தது என்பது. அலுமினியம் மலிவு, உறுதி. ஆனால் ஐந்து மீற்றருக்கு மேல் கை கடுக்கும். மின்கம்பி கிட்ட இருக்கும் இடத்தில் அதைக் கையிலும் எடுக்கக் கூடாது. கண்ணாடிப் பைபர் விலையில் நடுத்தரம், ஆனால் நீட்ட நீட்ட வளையும். வளையும் தடியில் நீங்கள் தள்ளும் விசையில் பாதி தடியிலேயே போய்விடும், பிரஷ் கண்ணாடியில் அழுந்தாது. மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடி நுனியில் ஆடுவதுபோல ஆடும். கண்ணாடிப் பைபருக்கு இன்னொரு சங்கடம் எங்கள் வெயில். பல மாதம் வெளியில் கிடந்தால் மேல் பிசின் வெளுத்துப் பொடியாகி, உள்ளிருக்கும் நுண்ணிழைகள் வெளியே வந்து உள்ளங்கையில் ஏறும், பிறகு கையுறை இல்லாமல் தொட முடியாது. காபன் இலேசு, விறைப்பு, விலை அதிகம். காபனும் கண்ணாடியும் கலந்தது இரண்டுக்கும் இடையில் நிற்கும். இரண்டு மாடி உயரத்தில் முழுக் காபனுக்கும் கலப்புக்கும் உள்ள வித்தியாசம் சில நூறு கிராம்தான். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் விலை பத்து மீற்றருக்கு மேல்தான் நியாயமாகும்.

கடையில் சோதிக்க எளிய வழி: முழுவதும் நீட்டி, பிரஷையும் பூட்டி, கிடையாகப் பிடியுங்கள். நுனி எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். இரண்டு தடியைப் பக்கம் பக்கமாக இப்படிப் பிடித்தால் பட்டியலை வாசிக்கத் தேவையே இல்லை. பிரஷ் பூட்டாமல் காட்டுகிறவரிடம் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். காபன் மின்சாரம் கடத்தும். கண்ணாடிப் பைபர் கடத்தாது என்று நம்பி 33,000 வோல்ற் கம்பிக்குக் கிட்டப் போகவும் கூடாது, ஏனென்றால் தடி நனைந்திருக்கும், மேலால் அழுக்குத் தண்ணீர் வழியும். கடைத்தெருவில் கம்பி கட்டடத்தை ஒட்டியே போகிறது. தடி எந்தப் பக்கம் சரிந்து விழுந்தாலும் கம்பியில் முட்டாத தூரத்தில் நிற்க முடியாவிட்டால், அந்த முகப்பை உள்ளிருந்து கைத்தடியால் செய்யுங்கள், அல்லது வேலையை விடுங்கள்.

தடி வாங்குபவர்கள் கடைசியில் பார்ப்பதும், முதலில் பழுதாவதும் கிளாம்ப்தான். துண்டுக்குத் துண்டு பூட்டும் அந்தப் பிளாஸ்டிக் பிடிக்குள் நுண்மணல் போனால் மூடினாலும் வழுக்கும். வழுக்குகிறது என்று திருகை இறுக்குவார்கள், அடுத்த மாதம் பிளாஸ்டிக் வெடிக்கும். இறுக்குவதற்கு முன் கழற்றிக் கழுவுங்கள். நாள் முடிவில் தடியைப் படுக்கவைத்து ஒவ்வொரு துண்டையும் வெளியே இழுத்து, சுத்திகரித்த தண்ணீராலேயே அலசி, துணியால் துடைத்துவிட்டு உள்ளே தள்ளுவது ஐந்து நிமிட வேலை. எண்ணெய், கிறீஸ் எதுவும் பூச வேண்டாம். முதல் நாள் வழவழவென்று ஓடும், பிறகு புழுதியைப் பிடித்து மணற்கடதாசி போலாகும். துண்டுகளின் மேல் நீளக் கீறலும் வெண்பொடியும் கண்டால் உள்ளே மணல் இருக்கிறது என்று அர்த்தம். இறக்கும்போது கிளாம்பைத் திறந்துவிட்டுத் தடதடவென்று விழ விடாதீர்கள். அடிமூடி உடையும், இடையில் விரல் இருந்தால் விரலும் போகும்.

கிளாம்பில் பார்க்க வேண்டியது மூன்று: கையுறையோடு திறக்க முடிகிறதா, இறுக்கத்தைச் சாதாரணத் திருப்புளியால் சரிசெய்ய முடிகிறதா, தனிக் கிளாம்ப் விலைக்குக் கிடைக்குமா. மூன்றாவதற்கு "இல்லை" என்றால் அந்தத் தடியை வாங்க வேண்டாம்.

ஹோஸ் விடயத்தில் ஒரு கணக்கு. தடிக்குள் ஓடும் குழாய் 5 மில்லிமீற்றர் உள்விட்டம், 8 வெளிவிட்டம் என்றால் ஏழு மீற்றருக்குள் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 140 கிராம். தோட்டத்துக்கு விடும் அரை அங்குலக் குழாயைத் தடியோடு கட்டினால் தண்ணீர் மட்டும் 850 கிராம் வரும், குழாயின் பாரம் வேறு. ஹாட்வெயாரில் கிடைக்கிறதென்று அதைக் கட்டுகிறவர்கள், காபனுக்குக் கொடுத்த காசை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிரஷ் பத்து, பன்னிரண்டு அங்குலம் போதும். அகலமானது வேகம் என்பார்கள், ஆனால் எங்கள் யன்னல்களில் பாதி சின்னச் சட்டம், லூவர். பதினாறு அங்குலம் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். நைலோன் மயிர் சிலந்தி வலையையும் பல்லி, காக்கை எச்சத்தையும் சுரண்டும். வெளிப்புறம் நிறத்தாள் ஒட்டிய கண்ணாடிக்கு மட்டும் மென்மயிர்ப் பிரஷ் தனியாக வைத்திருங்கள். துளையில் இரண்டு வகை: கம்பிபோல் நேரே பாய்வது, விசிறிபோல் விரிவது. விசிறி அலசுவதற்கு நல்லது, ஆனால் வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் அந்தத் தூவல் கண்ணாடியில் விழாமல் பக்கத்துக் கடைக்குப் போகும். நேர்த்துளைதான் எங்கள் தெரிவு.

இனித் தண்ணீர். ஒரு ரி.டி.எஸ் மானி வாங்காமல் இந்தத் தொழிலுக்குள் இறங்க வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் அது காட்டும். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் 500 வரை ஏற்பார்கள். கண்ணாடிக்கு வேண்டியது 10க்குக் கீழே. குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் கண்ணாடிக்கும் நல்லது என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. மன்னார், பூநகரிப் பக்கம் அடியில் சுண்ணாம்புக்கல், வவுனியாவில் கடும்பாறை. ஊருக்கு ஊர் மட்டுமல்ல, கிணற்றுக்குக் கிணறு மானி வேறு எண் காட்டும். கோடையில் அதே கிணறு இன்னும் ஏறும்.

உப்பை நீக்க ரெசின் (கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) நிரப்பிய உருளை ஒன்றே போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது எண் குறைந்த தண்ணீர் வரும் நாடுகளுக்குச் சரி. கலப்பு ரெசின் ஒரு லீற்றர் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் உப்பைத்தான் பிடிக்கும். உங்கள் கிணறு 600 காட்டினால், பத்து லீற்றர் ரெசின் 350 லீற்றர் தண்ணீரோடு முடிந்துவிடும். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் விட்டால் மூன்று மணித்தியாலம்கூட இல்லை. முன்னால் ஆர்.ஓ. சவ்வு (அழுத்தத்தில் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு) ஒன்று பூட்டி 600ஐ 30க்குக் கொண்டுவந்தால், அதே ரெசின் 7,000 லீற்றர் வரை போகும். ஆக வன்னியில் ஆர்.ஓ. இல்லாமல் இந்தத் தொழிலில் காசு நிற்காது.

எந்த ஆர்.ஓ.? சமையலறையில் பூட்டும், நாளுக்கு 75 கலன் என்று போட்டிருக்கும் வகை, நல்ல அழுத்தம் இருந்தாலே மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு லீற்றர் அளவுதான் தரும். ஒரு தடிக்கு நாளுக்கு 300, 400 லீற்றர் வேண்டும். 400 கலன் வகையைப் பூட்டினால் இரவு எட்டு மணித்தியாலத்தில் 500 லீற்றர்த் தாங்கி ஏறத்தாழ நிரம்பும். மேல்தாங்கி அழுத்தத்தை நம்ப வேண்டாம். ஆறு மீற்றர் உயரத் தாங்கி தருவது 0.6 பார், சவ்வுக்கு மூன்று நான்கு பாராவது வேண்டும், அதனால் அழுத்த மோட்டர் கட்டாயம். சவ்வுக்கு முன்னால் 5 மைக்ரோன் வடி, குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் கரி வடியும். குளோரின் சவ்வைத் தின்னும். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வாளியில் நின்று சிவந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அதை முதலில் காற்றூட்டிப் படியவிடாமல் அனுப்பினால் சவ்வு அடைத்துவிடும். கழிவாகப் போகும் தண்ணீர் குறைந்தது எடுக்கும் அளவுக்கே வரும். உப்பு இரட்டித்த அதைப் பூக்கன்றுக்கு ஊற்றாமல் மலசலகூடத் தாங்கிக்கு விடுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை இன்னொரு வழி உண்டு: கூரைத் தண்ணீர். முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, பிறகு பிடித்த மழைநீர் பெரும்பாலும் இரட்டை இலக்கத்தின் தொடக்கத்தில்தான் காட்டும். அதை நேரே ரெசினுக்கு விடலாம். கறுப்புத் தாங்கியில் மூடி வையுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். சிறுநீரக நோய்க்காக வவுனியாப் பக்கக் கிராமங்களில் வைத்திருக்கும் ஆர்.ஓ. நிலையங்களில் கான் கணக்கில் எடுத்துக் கண்ணாடி கழுவ யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். அது குடிக்க வைத்த தண்ணீர். அதோடு 10க்குக் கீழே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ரெசின் முடிந்ததை மானி சொல்லும், 10 தாண்டினால் மாற்றுங்கள். தண்ணீரில் மீன் வெடுக்கு வந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

மோட்டருக்கு 12 வோல்ற், 100 பிஎஸ்ஐ டயபிரம் வகை, வேகக் கட்டுப்படுத்தியோடு. பட்டா எனும் சிறு லொறியில் தாங்கி வைக்கிறவர்கள் 500 லீற்றர் அரைத் தொன் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண நைலோன் கயிறு போதாது, இரும்புச் சட்டம் போட்டுப் பூட்ட வேண்டும். அரைகுறையாக நிரம்பிய தாங்கி வளைவில் வாகனத்தை இழுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் கழுவலில் புள்ளி வரலாம். பல வருடப் புழுதி மேற்சட்டத்திலும் ரப்பரிலும் இருந்து பிறகு வடிகிறது, அதுதான் காரணம். சட்டத்தை முதலில் கழுவி, கண்ணாடியை இரண்டு முறை செய்யுங்கள். கிழக்கு முகப்பைப் பிற்பகலில், மேற்கை விடியலில். சூடான கண்ணாடியில் அலசுமுன்னே அழுக்குத் தண்ணீர் காய்ந்துவிடும். பூக்கன்றுக்குத் தெளித்த கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்கில் பட்டுப் படிந்த கல்லுப்புக் கறையை எந்தத் தடியும் எடுக்காது. அதற்கு சிற்றிக் அமிலம் போட்டுக் கையால்தான் தேய்க்க வேண்டும், கூலியும் தனி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஜேர்மனியில் தொடங்கிய உங்கரின் என்லைற் வரிசையில் அலுமினியம் முதல் காபன் வரை உண்டு, சிறிதாகத் தொடங்கிப் பிறகு கூட்ட நினைப்பவருக்குப் பொருந்தும். பிரித்தானிய கார்டினரில் சிஎல்எக்ஸ் மலிவான வரிசை, எஸ்எல்எக்ஸ் அதைவிட இலேசும் விறைப்பும். இரண்டு மாடிக்கு சிஎல்எக்ஸ் தாராளம். ஒன்றின் பிரஷ் மற்றதில் நேரே ஏறாது, இணைப்பு வேறு வாங்க வேண்டும். பெயரில்லாத மலிவுத் தடிகளை வீட்டுத் தேவைக்கு வாங்கலாம், உதிரி கிடைக்காததால் தொழிலுக்கு வேண்டாம்.

லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் கொண்டுவரச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு துண்டுத் தடி மடக்கினாலும் ஏறத்தாழ 1.8 மீற்றர் இருக்கும், பயணப் பெட்டிக்குள் அடங்காது. தடியைக் கப்பல் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அவர் கையில் கொண்டுவரச் சொல்ல வேண்டியவை கிளாம்ப் நான்கு, அடிமூடி இரண்டு, 8 மில்லிமீற்றர் இணைப்புகள் ஒரு பக்கற், பிரஷ் துளைகள், ரி.டி.எஸ் மானி ஒன்று.