திருமண டிவிடிகளை ‘4கே’ ஆக்கித் தருகிறோம் என்றால் நம்ப வேண்டாம்

வீட்டு விழாக்களின் டிவிடிகளை ஹார்டு டிஸ்கில் ஏற்றி டிவியில் பார்க்க நினைப்பவர்கள், அவற்றை எந்தக் கடையிலும் கொடுப்பதற்கு முன் எனக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடந்த தை மாதம் திருச்சியில் ஒரு கடையில் ஒன்பது டிவிடிகளைக் கொடுத்தேன். 2005இல் நடந்த அக்காவின் திருமணம் நான்கு, அவள் மகளின் காதணி விழா இரண்டு, அப்பா அம்மாவின் மணிவிழா மூன்று. அப்பா இப்போது எங்களோடு இல்லை. வீட்டிலிருந்த டிவிடி பிளேயரும் திணறத் தொடங்கியிருந்ததால், அம்மா நினைத்தபோது பார்க்கும்படி எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்கில் போட்டு வைக்க விரும்பினேன்.

சாதாரணமாக மாற்றினால் டிவிடி ஒன்றுக்கு 200 ரூபாய், ‘4கே’ எனும் மிகக் கூர்மையான படத் தரத்தில் என்றால் 600 ரூபாய் என்றார்கள். புதிய டிவிகளுக்கு 4கேதான் பொருந்தும், எம்பி4 ஆகத் தந்துவிடுகிறோம் என்று உறுதியும் கூறினார்கள். எம்பி4 என்ற சொல்லைக் கேட்டதும் வேறெதையும் விசாரிக்காமல் 5,400 ரூபாயைக் கொடுத்தேன். பில் தரவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

பத்து நாள் கழித்து வந்த கோப்புகளை டிவியில் போட்டபோது அம்மா முதலில் கேட்டது, “அப்பா ஏன் இப்படி வீங்கிப்போய் இருக்கார்?” என்பதுதான். 4:3 அளவில், அதாவது பழைய டிவிகளின் அகல உயர விகிதத்தில் எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்திருந்ததால், எல்லா முகங்களும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்று தெரிந்தன. அதைவிடக் கொடுமையானது, அட்சதை தூவும் இடத்தில் உயர்ந்த ஒவ்வொரு கையின் ஓரத்திலும் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் தெரிந்ததுதான். நம் நாட்டில் அக்காலத்தில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளை மட்டும் கொண்ட, நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவானவை. அவற்றை முறையாகப் பிரித்து முழுப்படங்களாக்கிய பிறகே பெரிதாக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரடியாகப் பெரிதாக்கினால், கோடுகள் படத்தோடு படமாகப் பதிந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைச் சுத்தமாக நீக்க இயலாது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் ஏமாற்றத்தின் அளவு புரிந்தது. டிவிடியில் இருந்த படம் 720க்கு 576 புள்ளிகள். தந்த கோப்பு 3840க்கு 2160, அதாவது சரியாக இருபது மடங்கு. ஆனால் டிவிடியில் ஏறக்குறைய 4.2 ஜிபி இருந்த ஒரு மணி ஐம்பது நிமிடக் காட்சியை அவர்கள் 1.5 ஜிபிக்குள் அடைத்திருந்தார்கள். இருபது மடங்கு புள்ளிகளை வரைய மூன்றில் ஒரு பங்கு தகவல் மட்டுமே என்றால், அசலில் இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்? இருந்த நுணுக்கமும் போய், பட்டுப்புடவையின் கரை வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.

கடைக்குச் சென்று கேட்டேன். “ஒரிஜினலே அவ்வளவுதான் சார்” என்றார் ஒருவர். டிவிடியைக் கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகு, வேறு ஃபார்மேட்டில் தருவதாகச் சொல்லி, ஒரு வாரம் கழித்து எச்.265 என்ற படச் சுருக்க முறையில் கோப்புகளைத் தந்தார்கள். எங்கள் டிவி 2014இல் வாங்கியது, எச்.265 தரநிலை வெளிவந்ததே 2013இல்தான் என்பதால் அதை இயக்கும் வசதி அதில் இல்லை. கெட்டிமேளம் ஒலித்தது, திரை இருண்டே கிடந்தது. கணினியில் பார்த்தால் அதே சீப்புக் கோடுகள். டிவிடியிலிருந்து மறுபடி எடுக்காமல், முதலில் கெடுத்த கோப்பையே இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் பெட்டியின் பெயர்கள் மட்டுமே என்பதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் படம் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்க முறையில் இருக்கிறது, ஒலி எதில் இருக்கிறது, நொடிக்கு எவ்வளவு தகவல் என்ற பிட்ரேட் எவ்வளவு என்பவையே டிவியில் ஓடுமா, தெளிவாக இருக்குமா என்பதை முடிவு செய்கின்றன. ஒரே எம்பி4 பெயரில் பழைய முறையான எச்.264உம் இருக்கலாம், எச்.265உம் இருக்கலாம். படம் ஓடி, ஒலி வராமல் போவதும் உண்டு. டிடிஎஸ் என்ற முறையில் பதிந்த ஒலியைப் பல டிவிகள் ஏற்பதில்லை.

நல்ல நிலையில் திரும்பிய டிவிடிகளை நானே எடுத்தேன். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் போட்டால், டிவிடியில் எம்பெக்-2 முறையில் இருக்கும் படம் ஒரு புள்ளியும் மாறாமல் எம்கேவி பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அதுவே பாதுகாக்க வேண்டிய பிரதி. இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு கோப்புகள் 4 ஜிபியைத் தாண்டுவதால், அதைவிடப் பெரிய கோப்பைத் தாங்காத ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் அவற்றை ஏற்காது. டிவிக்கென்று தனியாக, ஹேண்ட்பிரேக் என்ற மாற்று மென்பொருளில் படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி முறை, அளவை மாற்றாமல் 4:3, இன்டர்லேஸை நீக்கி நொடிக்கு 50 முழுப்படங்கள் என்று அமைத்தேன். தர எண்ணை 18 என்று வைத்தேன் (எண் குறையக் குறையப் படம் தெளிவாக இருக்கும்). டிவிடி தரத்துக்கு 18 முதல் 22 வரை என்பதே அந்த மென்பொருளின் பரிந்துரை. முதலில் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, வீட்டு டிவியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் முழுவதையும் மாற்றினேன். அம்மா இப்போது அந்தக் கோப்புகளைத்தான் பார்க்கிறார். இதற்குச் செலவானது நேரம் மட்டுமே.

கடையில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், அசல் டிவிடியைக் கொடுக்காதீர்கள். அதன் முழு நகலை எடுத்து நகலைக் கொடுங்கள். பில் கேளுங்கள். பில் இல்லாததால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தெரிவித்திருக்கிறேன்.

பணம் கிடைத்தாலும் தீராத இழப்பு ஒன்று உண்டு. ஒன்பதில் இரண்டு டிவிடிகள் ஆழமான கீறலோடு திரும்பின: காதணி விழாவின் இரண்டாவது, மணிவிழாவின் இரண்டாவது. அவற்றுக்கு இப்போது இருப்பது கடைக்காரர்கள் கெடுத்த பிரதி மட்டுமே. ஒரு டிரைவ் படிக்காத பகுதியை இன்னொன்று படிக்கக்கூடும் என்பதால், நண்பர்களின் பழைய கணினிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து வருகிறேன். மணிவிழா டிவிடியிலிருந்து இதுவரை முதல் 37 நிமிடங்கள் மீண்டிருக்கின்றன. அப்பா அம்மாவுக்கு மாலையிடுவது அதற்குப் பிறகு வருகிறது.