ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: எந்தத் தோட்டத்துக்கு, எந்த மாதத்தில்?

சுவிட்சர்லாந்தில் 1945-ல் தொடங்கிய ஃபெல்கோ நிறுவனத்தின் இரண்டாம் எண் கத்தரி, திராட்சைத் தோட்டங்களில் பேர் வாங்கிய கருவி. எடை 240 கிராம், நீளம் 21.5 செ.மீ., 25 மி.மீ. தடிமன் வரை வெட்டும். நம் ஊர் விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கத்தரியைவிடப் பல மடங்கு விலை. அவ்வளவு கொடுத்து வாங்கலாமா என்பது உங்கள் தோட்டத்தில் என்ன மரம் நிற்கிறது, அதை எந்த மாதத்தில் கவாத்து செய்கிறீர்கள், அதாவது கிளை கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிலருக்கு இது முதல் செலவாக இருக்க வேண்டும். சிலர் இந்தப் பணத்தில் நல்ல ரம்பம் வாங்குவது மேல்.

இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும் பனிக்காலம்தான் ஐரோப்பாவில் பெரும்பாலான பழமரங்களுக்குக் கவாத்துக் காலம். நம் சமவெளியில் அப்படி ஒரு பொதுப் பருவம் இல்லை. கொய்யாவுக்கு ஒரு கணக்கு, மாவுக்கு வேறு கணக்கு. கலப்புத் தோட்டம் வைத்திருப்பவர் கையில் கத்தரி ஆண்டு முழுவதும் இருக்கும். அதனால் கூர்மையோடு, கழற்றி மாட்டும் வசதியையும் சேர்த்துப் பார்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

கைப்பிடி வார்ப்பு அல்ல, அடித்து உருவாக்கிய அலுமினியம். வெட்டும் அலகு கடினமாக்கிய எஃகு, எதிர் அலகைக் கழற்றி மாற்றலாம். அலகில் பால் வழிந்தோட ஒரு பள்ளமும், மெல்லிய கம்பி வெட்ட ஒரு சிறு குழிவும் உண்டு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை இது. தட்டையான பட்டையின் மேல் அலகு வந்து இடிக்கும் வகைக் கத்தரி பச்சைக் கிளையை நசுக்கிவிடும். அதைக் காய்ந்த குச்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெல்கோவிலும் பிடிக்கும் பக்கம் முக்கியம். மெல்லிய வெட்டலகு மரத்தின் பக்கமும், தடித்த எதிர் அலகு கீழே விழப்போகும் துண்டின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் நசுங்கிய முனை மரத்திலேயே நிற்கும். அங்கிருந்து கிளை பின்னோக்கிக் காயும்.

கொய்யாத் தோட்டத்துக்கு இந்தக் கத்தரியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கொய்யா புதுத் துளிரில் பூக்கும் மரம். வெட்டினால்தான் துளிர், துளிர்த்தால்தான் பூ. பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், போன பருவத்தில் வளர்ந்த நுனியில் 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிட வேண்டும். மாசியில் வெட்டினால் சித்திரை வாக்கில் பூத்து ஆவணியை ஒட்டிக் காய் பறிக்கலாம். புரட்டாசியில் வெட்டியது பங்குனி, சித்திரையில் சந்தைக்கு வரும். ஒரே வாரத்தில் தோட்டம் முழுவதையும் வெட்டினால் காயும் ஒரே வாரத்தில் குவியும், விலை விழும். ஆயக்குடி மாதிரி ஊரே கொய்யா வைத்திருக்கும் இடத்தில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வரிசைகளைப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் வெட்டினால் அறுவடை பரவலாகும். கிளைகள் பென்சில் தடிமன்தான், ஆனால் ஒரு மரத்துக்கு நூற்றுக்கணக்கான வெட்டு. மட்டமான கத்தரியில் மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும், வெட்டு பிசிறடிக்கும். ஃபெல்கோவின் விலை இங்கேதான் நியாயமாகிறது.

திராட்சைக்கும் அப்படியே. கோடைப் போகத்துக்கு டிசம்பர்-ஜனவரி, மழைப் போகத்துக்கு மே-ஜூன் என்பது பொதுக் கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் தேதியை மாற்றி வைத்துக்கொள்வதால்தான் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. பன்னீர் ரகத்தில் நான்கு மொட்டு விட்டு, கடைசி மொட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் முனை காயும்போது மொட்டும் சேர்ந்து காயும். ஒரு பந்தலை வெட்டத் தொடங்கினால் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் ஒரு மூலையில் துளிர், இன்னொரு மூலையில் பூ, நடுவில் பிஞ்சு என்று ஆகி எதற்கு மருந்தடிப்பது என்றே தெரியாமல் போகும். வேலையை நடுவில் நிறுத்த வைக்காத கருவி இங்கே அவசியம்.

மாந்தோப்புக்காரர்களுக்கு வேறு யோசனை சொல்ல வேண்டும். மாவில் பூ வருவது முற்றிய கொப்பின் நுனியில். அறுவடைக்குப் பின் கிளம்பும் துளிர், மார்கழி-தை பூப்புக்கு முன் சில மாதங்களாவது முற்ற வேண்டும். உட்கிளைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட்-செப்டம்பரில் கழிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். காய் முன்னதாகவே இறங்கிவிட்ட ரகங்களில் ஆடியிலேயே தொடங்கிவிடுவது இன்னும் நல்லது. நீலம் போன்ற பின்பருவ ரகத்தில் நாள் குறைவாகத்தான் கிடைக்கும். ஐப்பசி மழையில் வெட்டினால் மரம் தளதளவென்று துளிர்க்கும், பார்க்க அழகாக இருக்கும், அந்த ஆண்டு அந்தக் கொப்புகளில் பூ இருக்காது. ஈரத்தில் வெட்டுவாய் வழியாகப் பூசணமும் ஏறும். கடுங்கோடையில் உச்சியைத் திறந்துவிட்டால் வெயில் நேராக விழுந்து கிளைப்பட்டை வெடிக்கும். வேறு வழியில்லாமல் திறக்க நேர்ந்தால் அந்தக் கிளைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

மாவில் கழிக்க வேண்டிய கிளைகளில் பெரும்பாலானவை 25 மி.மீ.-க்கு மேல். அங்கே ஃபெல்கோவால் பிரயோசனம் இல்லை. சிலர் கத்தரியைத் திருகித் திருகித் தடித்த கிளையை அறுக்கப் பார்ப்பார்கள். அலகுகள் விலகி, பிறகு மெல்லிய குச்சியைக்கூட மடித்துக் கிழிக்கத் தொடங்கும். மடக்கு ரம்பம் எடுங்கள். தடித்த கிளைக்கு மூன்று அறுப்பு: அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்கு 5 செ.மீ. வெளியே மேலிருந்து முழுவதும். கடைசியாக நிற்கும் கட்டையைக் கிளை பிறக்கும் இடத்துப் புடைப்பை விட்டு வெளியே. அந்தப் புடைப்பில்தான் காயம் மூடும். முதல் அறுப்பைத் தவிர்த்தால் விழும் கிளை பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். பெரிய வெட்டுவாய்களுக்கு அன்றைக்கே போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது.

பலாவில் கத்தரிக்கு வேலை மிகக் குறைவு. காய் வருவது அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் உள்ள குட்டைக் கிளைகளில். சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை மழித்துவிடாதீர்கள். எலுமிச்சையில் தரையிலிருந்து 45 செ.மீ. வரை அடிமரத்தில் கிளைக்கும் போத்துகளையும் காய்ந்த குச்சிகளையும் அவ்வப்போது எடுத்தால் போதும், மழையில்லாத நாளாகப் பார்த்து. கொடைக்கானல், நீலகிரி பக்கம் பிளம்ஸ், பேரிக்காய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஐரோப்பியக் கணக்கு ஓரளவு பொருந்தும். இலை உதிர்ந்த டிசம்பர்-ஜனவரிதான் அவர்கள் காலம். காய்ப்பு வரும் குட்டை முட்டுக்கிளைகளை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும்.

மாதுளையில் காலத்தைவிடச் சுத்தம் பெரிய விஷயம். பாக்டீரியாக் கருகல் கத்தரி வழியாகவும் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும். 70 சதவீத ஆல்கஹாலைச் சிறு டப்பாவில் வைத்துக்கொண்டு செடிக்குச் செடி அலகைத் துடையுங்கள். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும், ஆனால் எஃகை அரிக்கும். அதைப் பயன்படுத்தினால் மாலையில் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

பராமரிப்பில் ஃபெல்கோ உள்ளூர்க் கத்தரிகளை வெகு தூரம் முந்துகிறது. கத்தரியோடு வரும் சாவியால் பூட்டுத் திருகைக் கழற்றி, பல் வைத்த நட்டைச் சிறிது திருப்பினால் அலகுகளின் இறுக்கம் மாறும். அலகு ஆடாமலும் திறந்து மூடுவது கடினமாகாமலும் இருப்பதே சரியான இறுக்கம். தளர்வாக விட்டால் பச்சைப் பட்டை இடுக்கில் மாட்டும், அலகு மழுங்கிவிட்டதென்று வீணாகத் தீட்டுவோம். தீட்டும்போது சாய்வுள்ள வெளிப்பக்கத்தை மட்டும், ஏற்கெனவே உள்ள சாய்விலேயே, வைரத் தூள் பதித்த சிறு அரத்தால் ஒரே திசையில் தீட்டுங்கள். தட்டையான பின்பக்கத்தில் பிசிறெடுக்க ஒரே ஒரு இழுப்பு. அங்கேயும் சாய்வு விழுந்தால் இரண்டு அலகுக்கும் நடுவே சந்து விழும், அந்த அலகை மாற்றத்தான் வேண்டும். சப்போட்டா, அத்தி வெட்டிய அன்று பால் காய்வதற்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

குறை என்றால், இரண்டாம் எண் சிறிய கைக்குப் பெரியது. கொய்யாத் தோட்டத்தில் கவாத்து செய்யும் பெண்களுக்கு ஆறாம் எண் பொருந்தும், இடதுகைக்காரர்களுக்கு ஒன்பதாம் எண். போலிகளும் உலவுகின்றன, நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். மாற்று அலகின் எண் 2/3. தீட்டித் தேய்ந்த பிறகு கத்தரியையே தூக்கிப்போட வேண்டியதில்லை என்பதால், வாங்கும்போதே அந்த அலகு ஒன்றும் சுருள்வில் ஒன்றும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கவாத்து நடக்கும் வாரத்தில் சுருள்வில் தெறித்து எங்கோ விழுந்தால், வெளியூரிலிருந்து அது வந்து சேரும்வரை மொட்டு காத்திருக்காது.