முகம் உப்பித் தெரியும் அகலத்திரை: டிவியில் திருத்துவதா, பெட்டியில் திருத்துவதா?

எங்கள் வீட்டு 32 அங்குல எல்.இ.டி. டிவியில் செய்தி வாசிப்பவர்களின் முகமெல்லாம் உப்பித் தெரிந்தது. கேபிள் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. வயரில் படம் வந்துகொண்டிருந்தது. டிவி ரிமோட்டில் பட அளவை மாற்றிக்கொள்வது ஒரு வழி; படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் டிஜிட்டலாக அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு உள்ள எச்.டி. (உயர் துல்லிய) பெட்டிக்கு மாறி, பட அளவைப் பெட்டியின் மெனுவிலேயே அமைத்துவிடுவது மற்றொன்று. முதல் வழியில் பல மாதங்கள் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எதற்கும் முன்பு டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். அதன் மீதும் கோடோ திட்டோ விழுந்தால் கோளாறு டிவிக்குள் இருக்கிறது. மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். மெனு ஒழுங்காக இருந்து படம் மட்டும் இழுபட்டிருந்தால், அது அமைப்பில் உள்ள பிசகு. வீட்டு இஞ்ச் டேப்பை எடுத்து, வட்டமாக இருக்க வேண்டிய ஒரு சேனல் சின்னத்தை அளந்தேன்: உயரம் 3 செ.மீ., அகலம் 4 செ.மீ. அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதத்தில் உள்ள பழைய படத்தை, 16:9 விகிதமுள்ள இன்றைய திரை முழுவதற்கும் இழுத்தால் அகலம் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும். எங்கள் திரையின் அகலம் சுமார் 70 செ.மீ., உயரம் 40 செ.மீ.; அதில் 4:3 படம் 53 செ.மீ. அகலத்தில் நின்று, இருபுறமும் கறுப்புப் பட்டை விடுவதுதான் முறை.

டிவி ரிமோட் வழிக்குச் செலவில்லை. 4:3 என்று வைத்தவுடன் முகம் சரியாகிவிடும்; ஆனால் அகலப்படம் அனுப்பும் சேனலுக்குப் போனால் அதே அமைப்பு முகத்தை ஒல்லியாக்கும், அல்லது நான்கு புறமும் கறுப்பு விழும். ஜூம் வைத்தால் 4:3 படத்தின் உயரத்தில் கால்பங்கு வெட்டுப்பட்டு, கீழே ஓடும் செய்தி வரி காணாமல் போகும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த அன்றாடத் தொல்லைதான். பகல் முழுவதும் டிவி பார்ப்பவர் அம்மா. சேனல் மாற்ற ஒரு ரிமோட், பட அளவு மாற்ற இன்னொன்று என்பது அவருக்கு ஒத்துவரவில்லை. "மூஞ்சி மறுபடியும் உப்பிப்போச்சுப்பா" என்று நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன் வரும். வருவது எந்த வடிவப் படம் என்பது ஏ.வி. வயரில் எங்கள் டிவிக்குத் தெரியவில்லை. பெட்டிக்குத் தெரியும், டிஜிட்டல் ஒளிபரப்பிலேயே படத்தின் விகிதம் குறிக்கப்பட்டு வருகிறது. ஆகவே சேனலுக்குச் சேனல் தானாக மாறும் திருத்தம் பெட்டியில்தான் நடக்க முடியும். பெட்டியில் திரை வகையை 16:9 என்றும், 4:3 படங்களுக்குப் பில்லர் பாக்ஸ் (இருபுறமும் கறுப்புப் பட்டை விடும் அமைப்பு) என்றும் வைத்தேன். பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறலாம். டிவியை 16:9-இல் நிறுத்தி, ஓரங்கள் வெட்டுப்படாமல் இருக்க எல்.ஜி.யில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட் எனப்படும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் திருத்தினால் படம் இருமுறை சுருங்கும். நானே முதல் நாள் அப்படிச் செய்து, திரை நடுவே ஒடுங்கி நின்ற படத்தைப் பார்த்துத் திகைத்தேன்.

எழுத்துகளின் ஓரத்தில் மின்னிய வண்ணக் கசிவும் இந்த மாற்றத்தில் போயிற்று, ஏ.வி. வயரில் ஒளியும் வண்ணமும் அந்த ஒரே மஞ்சள் கம்பியில் கலந்து வருவதால் ஏற்படுவது அது. எச்.டி. சேனல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பெட்டியை மாற்றியதால் மட்டும் சாதாரண சேனல் எச்.டி. ஆகிவிடாது.

என் அனுபவம் ஒரு டிவியோடும் இரண்டு பெட்டிகளோடும் முடிகிறது. விகிதத்தைத் தவறாகக் குறித்து அனுப்பும் சேனலில் பெட்டியும் ஏமாறும். 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் பட்டையிட்டுச் சினிமா போடும் சேனலுக்கு இன்றும் டிவியின் ஜூம்தான் கைகொடுக்கிறது. படம் முடிந்ததும் மறக்காமல் 16:9-க்குத் திருப்பிவிடுகிறேன். சென்ற மாதம் பெட்டியில் மென்பொருள் புதுப்பிப்பு வந்தபோது அமைப்பு பழையபடி மாறியிருந்தது. மெனுவுக்குள் போய்ச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆயிற்று.