தலைமையாசிரியரிடம் திட்டமா, கண்காட்சியா?

எதை, எதில் வரைவது என்று பிள்ளைகளே முடிவெடுக்கும் ஓவிய வகுப்புக்குப் பள்ளியின் ஆதரவு வேண்டும். சென்னையில் எனக்குத் தெரிந்து இரண்டு வழி.

ஒன்று, தலைமையாசிரியரிடம் எழுத்தில் திட்டம் தருவது. அரசுப் பள்ளியென்றால் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவையும் சுட்டலாம். செலவில்லை, ஆனால் தாள் மேசையிலேயே தங்கிவிடலாம்.

இன்னொன்று, ஒரே ஒரு வகுப்பில் ஒரு பருவம் நடத்திக் காட்டுவது. களிமண், வண்ணம், பழைய அட்டைப்பெட்டி என மூன்று மூலை போதும். அப்புறம் பெற்றோர் கூட்டத்தன்று படைப்புகளை வைக்க வேண்டும். பக்கத்தில் பிள்ளையே எழுதிய நாலு வரி கட்டாயம்: ஏன் இதைத் தேர்ந்தேன், எங்கே தப்பானது, எப்படிச் சரிசெய்தேன். வகுப்பு முழுக்க ஒரே தென்னை மரத்தைப் பார்த்துப் பழகியவர்கள், காசிமேட்டுப் படகையும் மெட்ரோ தூணையும் பார்த்தால் நின்று படிப்பார்கள். நான் இதைத்தான் முதலில் செய்வேன். திட்டத்தை மறுநாள் கொடுக்கலாம்.