துணைமின் நிலையத்தின் தெருமுகம்: மறைப்பதா, மூடுவதா, காட்டுவதா?

வீடு, கடை, ஜன்னல், வாசல் என்று போய்க்கொண்டிருக்கும் தெருவில் திடீரென அறுபது மீட்டருக்குக் கம்பி வலை வரும். மேலே முள்கம்பி, நடுவில் அபாயப் பலகை, பின்னால் ஜல்லி பரப்பிய தரையும் சாம்பல் நிற டிரான்ஸ்ஃபார்மர்களும். அந்த இடத்தில் யாருக்கும் நடை தானாக வேகமெடுக்கும். துணைமின் நிலையத்தை அங்கிருந்து தூக்கிவிடச் சொல்ல முடியாது, சுற்றியிருக்கும் அத்தனை விளக்கும் அதை நம்பித்தான் எரிகிறது. அதன் தெருமுகத்தை வேண்டுமானால் மாற்றலாம். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் ஏற்கெனவே இருக்கும் நிலையம் என்றால், சுவரை இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளி, முன்னால் செடி நட்டு, கேட்டை ஒழுங்காகச் செய்வதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. ஓவியம் வரைவதற்கு நான் எதிரி இல்லை, ஆனால் எங்கே பேச்சு எடுத்தாலும் அதுதான் முதல் யோசனையாக வருவது கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது.

வேலியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு மொத்தம் 7 அடி உயரத் தடுப்பு கேட்கிறது. முழுக்க வலையாகவும் இருக்கலாம், 6 அடி வலைக்கு மேல் ஓர் அடி முள்கம்பியாகவும் இருக்கலாம். மற்ற நாடுகளில் அளவு சற்று மாறும், அவ்வளவுதான். ஆக, "வேலியை இடுப்பளவுக்குக் குறைத்தால் பூங்கா மாதிரி இருக்குமே" என்ற யோசனை அங்கேயே முடிந்தது. அப்புறம் எர்த்திங். உள்ளே ஏதாவது பழுதாகிப் பெரிய மின்னோட்டம் மண்ணில் இறங்கினால், அந்த நிலத்தின் மின்னழுத்தமே கணநேரத்துக்கு உயர்ந்துவிடும். அந்த நேரத்தில் வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்பவரின் கைக்கும் காலுக்கும் இடையே இருக்கும் அழுத்த வேறுபாடு ஆபத்தான அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் வேலியைத் தரையோடு இணைத்து வைக்கிறார்கள். அழகுக்காக ஓர் இரும்புக் கைப்பிடியை அதே வேலியில் பற்றவைத்துத் தெருமுனை வரை நீட்டினால், அந்த அழுத்தத்தையும் தெருமுனை வரை கொண்டுபோய்விட்டதாக ஆகும். ஜல்லியும் இப்படித்தான். காலுக்குக் கீழே மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஓர் அடுக்கு வேண்டும் என்பதற்காகப் போட்டது அது, புல் வளர்க்கச் சோம்பல்பட்டு அல்ல. எனவே உள்ளே புல்தரை போடச் சொல்பவர்களோடு நான் விவாதிப்பதில்லை.

வேலியை வைத்துக்கொண்டே மலிவாகச் செய்யக்கூடியது வண்ணம் மாற்றுவது. துத்தநாகப் பூச்சோடு பளபளக்கும் வலை வெளிச்சத்தைப் பிடித்துக் கண்ணைத் தன்மேலேயே நிறுத்தும். கறுப்பு வலையில் பார்வை ஊடுருவிப் போய்விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு, பலரும் செய்து முடித்த பிறகுதான் கவனிக்கிறார்கள்: வேலி மறைந்தால் பின்னால் இருப்பது பளிச்சென்று தெரியும். உள்ளே எல்லாம் ஒழுங்காக, தாழ்வாக, ஒரே நிறத்தில் இருந்தால் கறுப்பு வலை அருமை. உடைந்த இன்சுலேட்டரும் காலி கேபிள் உருளைகளும் குவிந்து கிடந்தால் பழைய வெள்ளி வலையே மேல். வலைக் கண்களுக்குள் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி மறைக்கும் முறையும் இருக்கிறது. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றின் தள்ளுவிசை கூடும், சில வருடங்களில் பட்டைகள் வெடித்துப் பல் விழுந்த வாய் போல ஆகிவிடும்.

அடுத்து சுவர். சுவருக்கு ஆதரவாக 2013-இல் ஒரு பெரிய காரணம் சேர்ந்தது. அந்த ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் மெட்காஃப் துணைமின் நிலையத்தின் மேல் வெளியிலிருந்து துப்பாக்கியால் சுட்டதில் 17 டிரான்ஸ்ஃபார்மர்கள் சேதமாயின. வேலி வழியே குறி பார்க்க முடிந்திருக்கிறது. அதன் பிறகு ஊடுருவிப் பார்க்க முடியாத சுவர் என்பது அழகுப் பேச்சு என்ற நிலை தாண்டிப் பாதுகாப்புப் பேச்சாகிவிட்டது. ஆனால் சுவர் சத்தத்தையும் நிறுத்திவிடும் என்று விற்பார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், உள்ளிருக்கும் இரும்பு உள்ளகம் காந்தப்புலத்துக்கு ஏற்ப மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். இரண்டு மீட்டர் சுவரைக் கண்டு அது பெரிதாக அஞ்சாது, மேலாக வளைந்து வந்து எதிர்வீட்டுப் படுக்கையறையில் உட்காரும். நான் சில வருடம் அப்படி ஓர் எதிர்வீட்டில் இருந்தவன். புதுச் சுவர் எழும்பியதும் பார்வை மறைந்தது, இரவு ஒலி அப்படியே இருந்தது, "ஒலித்தடுப்புச் சுவர்" என்று திறப்பு விழாவில் சொன்னது மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டது. ஒலி நிஜமாகக் குறைய வேண்டுமென்றால் குறைந்த ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி நெருக்கமாக, உயரமாகச் சுவர் எழுப்ப வேண்டும். தெருவோரச் சுவர் அதற்கு உதவாது.

தெருவோடு போகிறவருக்குச் சுவர் தரும் பிரச்சினை வேறு. டென்மார்க் கட்டடக்கலைஞர் யான் கேல் பல காலமாகச் சொல்லிவந்தது இது: மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் பிராணி, தெருவின் முகப்பும் அந்த வேகத்துக்குத்தான் பேச வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது மீட்டர் வெற்றுச் சுவரைக் கடக்க நடப்பவருக்கு முக்கால் நிமிடம் ஆகும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறவருக்கு ஐந்தரை நொடிதான். சுவர் முழுக்க ஒரே பிரம்மாண்ட ஓவியம் என்பது அந்த ஐந்தரை நொடிக்காரருக்காகவும், எதிர்ப்பக்கம் நின்று படம் பிடிப்பவருக்காகவும் செய்யப்படுவது. சுவரை ஒட்டி நடப்பவர் ஒரு முகத்தின் காதுப்பகுதியை இருபது அடிக்கு வெறும் பழுப்பு நிறமாகத்தான் பார்ப்பார். அவருக்கு வேண்டியது சில மீட்டருக்கு ஒருமுறை ஏதாவது மாறுவது: ஒரு மடிப்பு, ஒரு தூண், செங்கல் அடுக்கின் திசைமாற்றம், உட்கார ஒரு விளிம்பு.

ஓவியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நன்றாக வரைந்த சுவரில் கிறுக்குவதற்குப் பலருக்கும் கை கூசும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து வரைந்தது என்றால் இன்னும் கூசும். ஆனால் வெயில் படும் சுவரில் வண்ணம் வெளுக்கும், அடியில் ஈரம் ஏறினால் உரியும். அப்போது மறுபடி வரைவது யார் வேலை, எந்தக் கணக்கில் செலவு என்று முதல் நாளே எழுதி வைக்காத ஓவியம், சில வருடத்தில் வெற்றுச் சுவரைவிடச் சோகமாக நிற்கும். வரி வரியாகப் புடைப்பு விட்ட கான்கிரீட் பலகையோ, முன்பின்னாக அடுக்கிய செங்கலோ இந்த விஷயத்தில் ஓவியத்தை வென்றுவிடுகிறது. அதன் அலங்காரம் நிழல், வெயில் நகர நகர அது மாறும், வெளுக்காது. புடைப்பு இருந்தால் சுவரொட்டியும் சரியாக ஒட்டாது, அது ஒரு போனஸ்.

இப்போது செடி. எல்லாருக்கும் பிடித்த யோசனை, அதிகம் ஏமாற்றும் யோசனையும் இதுதான். முதலில் அதன் பலம். நடைபாதையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நான்கு மீட்டர் உயர மரவரிசை இருந்தால், அதற்கு அப்பால் பதின்மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் பன்னிரண்டு மீட்டர் இரும்புச் சட்டகமும் நடப்பவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பக்கத்தில் இருப்பது சிறியதானாலும் தூரத்தில் இருக்கும் பெரியதை மறைக்கும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதே மரவரிசையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டகத்தின் மேல்பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டு மாடியிலிருந்து கேட்கவே வேண்டாம். யாருடைய கண்ணுக்காக நடுகிறோம் என்று தீர்மானிக்காமல் நட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுகிறார்கள்.

அது தவிர எல்லைகள் நிறைய. முழுதாக வளர்ந்த மரம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. வேர் கேபிள் பாதையையும் புதைத்த எர்த்திங் கம்பியையும் நோண்டக்கூடாது. வேலியில் கொடி படரவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வலையில் யாராவது ஓட்டை போட்டிருந்தால் தெரியாது, ஏறுவதற்குப் படியும் கிடைக்கும், அணிலுக்கும் பாம்புக்கும் நல்ல பாலம். இந்தப் பிராணிகள் உள்ளே புகுந்து மின்தடை உண்டாவது உலகெங்கும் நடப்பதுதான். ஒலியைச் செடி குறைக்கும் என்பதும் பெரும்பாலும் மனப்பிரமை, ஒரு வரிசைப் புதர் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் முதல் இரண்டு மூன்று வருடம் குச்சிகள்தான் நிற்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துபோன வேலிச்செடியைவிட அசிங்கமான தெருமுகம் கிடையாது, வெறும் வலையாவது யாரையும் ஏமாற்றவில்லை.

சுவரும் செடியும் சேரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது. செடி வேலியைத் தொடுவதில்லை என்பதால் பாதுகாப்புக்காரருக்கு நிம்மதி, காய்ந்தாலும் பின்னால் ஒழுங்கான சுவர் நிற்கும், சுவர் வெறுமையாக இருந்தாலும் முன்னால் பச்சை இருக்கும். விலை, அந்த இரண்டு மூன்று மீட்டர் நிலம். இடுக்கமான மனையில் அது கிடைக்காது, அங்கே புடைப்புச் சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வேடம் போடுவது இன்னொரு வழி. டொராண்டோவில் மின்நிறுவனம் பல பத்தாண்டுகளாக வீடு மாதிரியே துணைமின் நிலையங்களைக் கட்டியது: ஓட்டுக்கூரை, ஜன்னல், முன்வாசல், புல்வெளி எல்லாம் உண்டு, உள்ளே மட்டும் குடும்பத்துக்குப் பதில் மின்மாற்றி. தாழ்வான வீடுகள் உள்ள தெருவில், சிறிய நிலையத்துக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் யாரும் வராத வாசல், ஒருநாளும் திறக்காத ஜன்னல், இவை சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய நிலையத்துக்கு இந்த வேடம் பொருந்தவே பொருந்தாது, நான்கு மாடி உயரத்துக்குப் பொய் ஜன்னல் வைத்தால் பேய்வீடுதான்.

வேடம் போடாமல் கட்டடத்துக்குள் வைப்பது எனக்கு இதைவிடப் பிடிக்கும். வாயுக்காப்பு சுவிட்ச்கியர், அதாவது காற்றுக்குப் பதில் வேறொரு வாயுவால் காப்பிட்டு மூடிய மின்சுவிட்சுத் தொகுதி, வைத்தால் திறந்தவெளி யார்டு கேட்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும், மிச்ச நிலம் தெருவுக்குக் கிடைக்கும். இதில் நெருடல், பல காலமாக அதற்குள் நிரப்பிவந்த சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு. கரியமில வாயுவைவிட இருபத்து மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சுவிட்ச்கியரில் அதற்கு 2026 தொடக்கத்திலிருந்து தடை போட்டிருக்கிறது, மாற்று வாயுக்களும் வந்துவிட்டன. கட்டடத்தின் முகப்பைப் பொறுத்தவரை, லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்காக 2009-இல் நார்டு என்ற கட்டடக்கலைக் குழு செய்த நிலையம் நல்ல பாடம். முழுக்கக் கருஞ்செங்கல், காற்று போகவேண்டிய இடத்தில் அதே செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். காற்றுக்கான சாய்பட்டைத் தகரச் சட்டத்தை (லூவர்) பின்யோசனையாக ஒட்டவைக்காமல் காற்றோட்டத்தையே அலங்காரம் ஆக்கியது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னும் துணிச்சல் இருந்தால் மறைக்காமல் காட்டலாம். வான்கூவரில் 1954-இல் முடிந்த டால் கிரவுவர் நிலையத்தில் தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள், உள்ளே எந்திரங்களுக்கும் தளங்களுக்கும் ஓவியர் பி. சி. பின்னிங் வண்ணத் திட்டம் கொடுத்தார். சியாட்டிலின் டென்னி நிலையம் 2018-இல் வந்தது. சாய்ந்த சுவர், அதைச் சுற்றி உயரத்தில் நடைபாதை, பக்கத்தில் நாய்களை அவிழ்த்துவிட ஓர் இடம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கோடிகளில் புரளும் ஒரு புதிய நிலையத்துக்கு இது சரி. பழைய வேலியைச் சரிசெய்யக் கேட்பவரிடம் இந்தப் படங்களைக் காட்டுவதில் பயனில்லை.

நிலத்தடியையும் கேட்பார்கள். முடியும். டோக்கியோவின் ஷின்-டொயோசுவில் 500 கிலோவோல்ட் நிலையமே 2000 முதல் பூமிக்குள் இயங்குகிறது. லண்டன் மேஃபேரில் நூறாண்டுக்கு மேலாக ஒரு நிலையத்தின் கூரைமேல் பிரவுன் ஹார்ட் தோட்டம் இருக்கிறது. ஆனாலும் காற்றுக்குழாயும் எந்திரத்தைத் தூக்கியெடுக்கும் வாயும் தெருவில்தான் முளைக்கும், செலவும் மற்றதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குப் போகும். நிலத்தின் விலை தங்கமாக இருக்கும் இடத்தில் மட்டும் இதைப் பேசலாம்.

கடைசியாகக் கேட். எந்த வழியை எடுத்தாலும் இதை விட்டுவிடுகிறார்கள். நூறு டன்னைத் தாண்டும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒருநாள் பழுதாகி வெளியே வரவேண்டியிருக்கும், அதைச் சுமக்கும் நீண்ட வண்டி திரும்ப வேண்டும், அதனால் கேட் அகலமாகத்தான் இருந்தாக வேண்டும், அதன் முன்னால் மரமோ பெஞ்சோ வைக்க முடியாது. விளைவு, அத்தனை செலவில் செய்த சுவருக்கு நடுவே துருப்பிடித்த தகரக் கதவு ஒன்று, அதில் நான்கு வெவ்வேறு அளவில் எச்சரிக்கைப் பலகைகள், சங்கிலி, பூட்டு. தெருவில் போகிறவர் கண் முதலில் போவது அங்கேதான். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் நான் ஓவியரைக் கூப்பிட மாட்டேன். கேட்டைச் சுவரின் அதே நிறத்தில், அதே வரிகளில் புதிதாகச் செய்து, பலகைகளை ஒரே வரிசையில் ஒரே அளவில் வைத்து, வண்டி திரும்பும் தரையில் தாருக்குப் பதில் எடை தாங்கும் கல் பாவுவேன். மிச்சம் இருந்தால் இரண்டு மூலைகளிலும் செடி.