ஏழு வருட ஆப்ட்-கெட்: விழுந்த இடம் ஒன்று, கத்துகிற இடம் வேறு

போன வாரம், பழைய டீமில் என்னோடு வேலை பார்த்த தங்கை ஒருத்தி ஒரு பில்டு லாகை (மென்பொருளைத் தானாகக் கட்டும் வேலையின் பதிவை) அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, ராத்திரி பில்டு மட்டும் அப்பப்ப விழுது. மறுபடி ஓட்டினா பாஸ் ஆயிடுது. அப்படியே விட்டுடலாமா?"

லாகின் கடைசி வரியைப் பார்த்ததுமே எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த வரியின் மேல். 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ் கர்ல்.' கர்ல் என்று ஒரு பேக்கேஜையே காணோமாம். டெபியன் லினக்ஸில் கர்ல் எல்லோரும் பயன்படுத்தும் டவுன்லோடு கருவி, அது எங்கே போகும்? இதே வரியை நம்பி 2019-இல் மூன்று வாரம் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன். பேக்கேஜ் பெயரைச் சரிபார்த்தேன், பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்ற சோர்ஸ் பட்டியலை மாற்றி எழுதினேன், பில்டு தொடங்கும் அடிப்படை இமேஜையே மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் பில்டு பச்சையாகும், நான்தான் சரிசெய்தேன் என்று நம்புவேன். நான்கு நாள் கழித்து மறுபடி விழும்.

2018-லிருந்து டாக்கர் பில்டுகளில் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே இமேஜாகக் கட்டும் வேலையில்) டெபியனின் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட்-கெட்டைப் பயன்படுத்துகிறேன். டெபியன் 9, 11, 12 என்று மூன்று தலைமுறை பார்த்தாயிற்று. இத்தனை வருடத்தில் என் மனதைவிட்டுப் போகாத குறை ஒன்றே ஒன்றுதான். பேக்கேஜ் பட்டியலை இறக்கும் 'ஆப்ட்-கெட் அப்டேட்' தோற்றாலும் ஜெயித்ததாகவே சொல்லிவிட்டுப் போகிறது.

நடப்பது இதுதான். டிஎன்எஸ் (சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஒரு நொடி பதில் தராவிட்டால் பேக்கேஜ் பட்டியல் இறங்காது. அப்போது அப்டேட், 'டபிள்யூ' என்று தொடங்கும் எச்சரிக்கை வரிகளை மட்டும் அச்சிடுகிறது: சில பட்டியல்கள் இறங்கவில்லை, அவற்றை விட்டுவிட்டேன், அல்லது பழையதை வைத்துக்கொண்டேன். அதன் பிறகு, முடிவைச் சொல்லும் எண்ணான எக்ஸிட் கோடு பூஜ்யம். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம் என்று பொருள். ஆனால் டெபியனின் சிறிய வடிவமான ஸ்லிம் இமேஜில் 'பழையது' என்று எதுவும் கிடையாது. அளவைக் குறைக்கப் பட்டியல்களை அழித்துவிட்டுத்தான் அந்த இமேஜைத் தருகிறார்கள். ஆக, காலிப் பட்டியலோடு அடுத்த கட்டளையான இன்ஸ்டால் ஓடுகிறது, கர்லைத் தேடுகிறது, காணோம் என்கிறது.

அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் டாக்கர் பில்டுக் கோப்பின் ஒரே ரன் வரியில் இரட்டை ஆம்பர்சாண்ட் (&&) போட்டு எழுதச் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். தனித்தனி வரியாக எழுதினால் டாக்கர் முன்பு சேமித்து வைத்த அப்டேட் முடிவை (லேயரை) கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் இருக்கும் பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் சர்வரிலிருந்து நீக்கப்பட்டிருக்கும், உடனே கோப்பு இல்லை என்ற 404 வரும். அந்த நோய்க்கு அது மருந்து. ஆனால் முதல் பாதி ஜெயித்தால் மட்டும் அடுத்த பாதி ஓடும் என்ற அந்த ஆம்பர்சாண்டின் வாக்குறுதி இங்கே செல்லாது. பட்டியல் இறங்காவிட்டாலும் முதல் பாதி ஜெயித்தேன் என்றுதானே சொல்கிறது?

எங்கள் விஷயத்தில் காரணம் கடைசியில் சின்னதாகத்தான் இருந்தது. பில்டு மெஷினுக்குக் கொடுத்திருந்த இரண்டு டிஎன்எஸ் சர்வர்களில் ஒன்று, இரவு பேக்கப் ஓடும் நேரத்தில் திணறியது. 'டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்' என்று லாகின் நடுவே ஒரு வரி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கடைசி வரியையே படித்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். ஆப்ட் 1998-இல் பிறந்தது. மெஷின் முன்னால் ஆள் உட்கார்ந்து, மெதுவான இணைப்பில் ஒவ்வொரு வரியாகப் படித்த காலம். நான்கு ரெப்பாசிட்டரியில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) ஒன்று படுத்துவிட்டால் மற்ற மூன்றையும் வைத்து வேலையைத் தொடர்வது அவருக்கு நல்லதுதான். இன்றும் என் லேப்டாப்பில் அந்தக் குணத்தை நான் விரும்புகிறேன். பார்க்க ஆளில்லாத பில்டில்தான் அது வினையாகிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஏழு வருடத்தில் ஒரே ஒரு சிதைந்த பேக்கேஜைக்கூட ஆப்ட் எனக்கு இன்ஸ்டால் செய்ததில்லை. பட்டியலில் கையொப்பம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணும்) இருக்கிறது. நடுவில் நிற்கும் இடை சர்வரான ப்ராக்ஸி ஒரு பைட்டை மாற்றினாலும் பிடித்துவிடும். 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வரும்போது எல்லோரும் ஆப்டைத் திட்டுகிறார்கள். எனக்கு அந்த வரிமேல் மரியாதைதான். அரைகுறையாகப் புதுப்பிக்கப்பட்ட மிரரையோ (பேக்கேஜ்களின் நகல் சர்வரையோ) பழைய நகலைக் கொடுத்த ப்ராக்ஸியையோ அது வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்றுகூடச் சொல்லும். இவ்வளவு துல்லியமாகப் பேசத் தெரிந்த கருவி, டிஎன்எஸ் விழுந்ததை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போவதுதான் என்னை வதைக்கிறது.

தீர்வு வந்துவிட்டது, அதுவும் தெரியாமலே பலர் இருக்கிறார்கள். டெபியன் 11-இலிருந்து அப்டேட்டோடு '--எரர்-ஆன்=எனி' (--error-on=any) என்று சேர்க்கலாம். தற்காலிகக் கோளாறாக இருந்தாலும் அப்டேட் அங்கேயே தோற்று நிற்கும். டெபியன் 9 காலத்தில் இது இல்லாததால், அப்டேட்டின் வெளியீட்டில் 'ஃபெயில்டு டு ஃபெட்ச்' இருக்கிறதா என்று தேடி நிறுத்தும் ஸ்கிரிப்டை நானே எழுதி வைத்திருந்தேன். மறுமுயற்சி எண்ணிக்கையும் முன்பு பூஜ்யம்தான், ஆப்ட் 2.3.2 பதிப்பிலிருந்து 3 ஆக்கினார்கள். ஆகவே டெபியன் 12-இல் பாதித் தொல்லை தானாகவே குறைந்தது. 11-இல் இருப்பவர்கள் அந்த எண்ணிக்கைக்கான 'அக்வயர்::ரிட்ரைஸ்' (Acquire::Retries) மதிப்பைத் தாங்களே கொடுக்க வேண்டும்.

சின்னப் பேக்கேஜ் இறங்கி, பெரிய பேக்கேஜ் மட்டும் பாதியில் தொங்கினால் இதில் எதுவும் உதவாது. அது பெரும்பாலும் விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கும் மெஷினில் எம்டியூ (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) பொருந்தாத சிக்கல். டாக்கரின் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜ் அதை 1500 பைட் என்று நினைத்துக்கொண்டிருக்கும், வெளியே பாதை அதைவிடக் குறுகலாக இருக்கும். பிரிட்ஜின் எம்டியூவைக் குறையுங்கள்.

இத்தனை புகழ்ந்த பிறகு தீர்ப்பு வேறாக இருப்பது எனக்கே தெரிகிறது. அந்த லாக் இன்னும் என் திரையில் திறந்திருக்கிறது, அதனால் இப்படித்தான் வருகிறது: தினசரி பில்டுக்குள் ஆப்டை ஓட்டாதீர்கள். வாரம் ஒருமுறை அடிப்படை இமேஜைத் தனியாகக் கட்டி, வேண்டிய பேக்கேஜ்களை அதிலேயே போட்டு வையுங்கள். அந்த ஒரு பில்டு விழுந்தால் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள். என் புது ப்ராஜெக்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு விடாதே என்று பதில் எழுதினேன். கடைசி வரியை விட்டுவிட்டு மேலே போய், டபிள்யூ என்று தொடங்கும் முதல் வரியை எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அனுப்பினாள். டிஎன்எஸ்தான்.