எலுமிச்சை இலைத்துளைப்பான்: வேப்பங்கொட்டைக் கரைசலா, இமிடாகுளோபிரிட்டா?

வீட்டுக்குப் பின்னால் 12 நாட்டு எலுமிச்சை நிற்கின்றன, எல்லாம் வளர்ந்து காய்க்கிற மரங்கள். இலைத்துளைப்பானுக்கு முதலில் 2 வருடம் இமிடாகுளோபிரிட் என்கிற ரசாயனப் பூச்சிமருந்து கொடுத்தேன், அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மாறினேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இளந்தளிரில் நத்தை ஊர்ந்த மாதிரி வெள்ளிக்கோடு, அதன் நடுவே மெல்லிய கருப்பு இழையாகப் புழுவின் எச்சம், கடைசியில் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழு. முற்றிய இலைப் பக்கம் இது போகாது, கொழுந்து விடுகிற அந்தச் சில வாரங்கள்தான் தொல்லை.

வேலை என்று பார்த்தால் ரசாயனம்தான் சுலபம். வேரில் ஊற்றினால் மரமே உறிஞ்சித் தளிருக்குக் கொண்டுபோகும், இலைத்தோலுக்கு அடியில் இருக்கிற புழுவும் சாகும். வேம்புக்கு மெனக்கெட வேண்டும். 10 லிட்டருக்கு அரைக் கிலோ கொட்டையை இடித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் கசக்கிப் பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் கொழுந்தின் இரண்டு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். உள்ளே போய்விட்ட புழுவை அது அவ்வளவாகத் தொடாது. அதனால் தளிர் அரை அங்குலம் நீட்டும்போதே ஆரம்பித்து, இலை முற்றும்வரை வாரம் ஒருமுறை அடிக்கிறேன்.

இத்தனைக்கும் வேம்பு பக்கம் நிற்கக் காரணம் பூ. நாட்டு எலுமிச்சை கொழுந்தையும் பூவையும் சேர்த்தே விடுகிற மரம். தளிருக்கு ஏறுகிற மருந்து பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் ஏறும். காலையில் மரத்தடியில் நின்றால் தேனீ இரைச்சல் காதை நிறைக்கிறது, அந்தப் பூவில் மருந்து இருக்கிறது என்று தெரிந்தபின் எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘பூ இல்லாத நேரமாப் பாத்து ஊத்துங்க’ என்றார் மருந்துக்கடைக்காரர். சரி, ஆனால் 12 மரத்தில் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்துக்கொண்டுதானே இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு இந்த மருந்தைத் தடை செய்ததும் தேனீக்களுக்காகத்தான்.

பூக்காத இளங்கன்று என்றால் கணக்கு வேறு. அதற்கு இருப்பதே நாலு கொழுந்து, புழு கிழித்த காயத்தில் சொறி நோயும் ஏறிக்கொள்ளும். நான் வேம்பைப் பெரிய மரத்தில்தான் பார்த்திருக்கிறேன், கன்றுக்கு அதுவே போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எதை அடித்தாலும், கோடு விழுந்த இலையைக் கிள்ளாதீர்கள். கிள்ளின இடத்தில் புதுத்தளிர் வரும், அதைத் தேடி இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சியும் வரும்.